மேலே பழம், அடியில் காய்

1

எங்கள் ஆலை மேலாளர் என்னிடம் தமிழில் பேசினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

செல்வநாதன் தமிழர்தான். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணி வேலைக்கு இங்கே வந்தது. கிராணி என்றால் இந்த ஊரில் எழுத்தர். தலைமுறை தலைமுறையாக மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகியவர்கள். ஆங்கிலத்தில் பாராட்டுவார், ஆங்கிலத்தில் திட்டுவார். தமிழை இரண்டு சந்தர்ப்பங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்: யாராவது செத்தால், யாரையாவது வேலையிலிருந்து எடுத்தால்.

"இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார்.

செத்தது யார் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

யாரும் சாகவில்லை. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் புதிதாக ஒரு பதவி வருகிறதாம். கம்பெனியின் எல்லா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் பழத் தர மேலாளர். தனி அறை உண்டு. சம்பளம் இப்போது வாங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"எல்லாரும் உங்கட பேரைத்தான் சொன்னவங்கள்."

"எல்லாரும்னா யாரு சார்?"

"எல்லாரும்தான். மாசக் கடைசிக்குள்ள பதில் சொன்னால் போதும்."

தேநீரில் சர்க்கரை சரியாக இருந்தது. அதுவும் நல்ல அறிகுறியாகப் படவில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே நெகிரி செம்பிலானில், மம்பாவிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஆலை இருக்கிறது. செம்பனை என்றால் உங்கள் பாமாயில் மரம். லாரிகள் பழக்குலைகளைக் கொண்டுவந்து கொட்டும் சிமெண்ட் சரிவுக்கு ரேம்ப் என்று பெயர். அங்கே ஓர் இரும்புக் கொக்கியோடு நின்று, குலைகளைப் புரட்டி, இது பழம், இது காய், இது அழுகல் என்று சொல்வது என் வேலை. காய்க்கு ஏற்றாற்போல லாரிக்காரனின் எடையில் கழிப்பேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு விருதுநகரில் கடலையெண்ணெய் ஆலையில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு ஆய்வுக்கூட உதவியாளனாக இங்கே வந்து, ஆய்வுக்கூடத்திலிருந்து வெயிலுக்கு நானே விரும்பி இறங்கியவன். அதை என் குடும்பத்தில் யாரும் முன்னேற்றம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

இந்த வேலைக்கு முக்கியத் தகுதி சந்தேகம். குலை சிவந்திருந்தால் பழம் என்று புதியவன் நினைப்பான். நிறம் பொய் சொல்லும். பழுத்த குலையிலிருந்து பழங்கள் தானாக உதிர்ந்திருக்கும். உதிர்ந்த இடத்தில் குழி இருக்கும். ஆகவே மிச்சம் இருப்பதைப் பார்க்கக் கூடாது, எது விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். லாரிக்காரர்களுக்கு இது எனக்கு முன்னாலேயே தெரியும். அடியில் கறுத்த காயை அடுக்கி, மேலே நாலு நல்ல குலையை வைத்து, அதன்மேல் உதிரிப் பழத்தை அட்சதைபோலத் தூவிக் கொண்டுவருவார்கள். பார்க்கக் கல்யாண வீடுபோல இருக்கும். கொக்கியை உள்ளே விட்டால்தான் சங்கதி தெரியும்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இப்படிப் பார்த்தவன் கண், வீட்டுக்கு வந்தும் மாறாது. என் மனைவி "இன்னிக்கி மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றால், அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருப்பேன்.

ஐம்பது தாண்டியவனைக் கூப்பிட்டுப் பதவி உயர்வு தருகிறார்கள் என்றால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் திறமைசாலி. அல்லது, அவன் நிற்கும் இடம் வேறு யாருக்கோ வேண்டும். முதல் காரணத்தை உடனே தள்ளிவிட்டேன்.

2

அதே வாரத்தில் என் வருடாந்தர உற்சவமும் வந்தது. குடிநுழைவு அலுவலகத்தில் என் பாஸ் புதுப்பிப்பு.

நான் இந்த நாட்டில் இருப்பது சாந்தியின் கணவன் என்ற ஒரே தகுதியால். அவள் மம்பாவ்காரி, இந்த நாட்டுக் குடிமகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவள் பாட்டன் ரப்பர் வெட்ட வந்தவர். ரப்பரை இவர்கள் கித்தா என்பார்கள். நிரந்தர வசிப்புக்கு நான் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது. அது பரிசீலனைக்குப் போனபோது என் தலையில் முடி இருந்தது. அதுவரை, ஒவ்வொரு முறையும் மனைவி கூடவே வந்து, இந்த ஆள் இன்னும் என் கணவன்தான் என்று அதிகாரி முன்னால் உறுதி சொல்ல வேண்டும்.

முதல் தடவை அதிகாரியிடம் மலாயில் பேசி அசத்தப் போனேன். 'என் மனைவி இந்த ஊர்க்காரி' என்று சொல்ல வேண்டியது. நடுவில் சொற்களை விழுங்கிவிட்டதில் 'அடுத்தவன் மனைவி' என்று வாக்குமூலம் கொடுத்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து பேசும் பொறுப்பு சாந்தியுடையது.

இந்த முறையும் கேட்டார்கள், இன்னும் சேர்ந்துதான் இருக்கிறீர்களா என்று. சாந்தி பதில் சொல்வதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கணம் யோசிப்பாள். வருடா வருடம் யோசிக்கிறாள். விளையாட்டு என்று வெளியே வந்ததும் சொல்வாள். எனக்கு அதில் இன்னும் தெளிவில்லை.

எங்கள் எண்ணுக்காகக் காத்திருந்தபோது பதவி விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்துக்கங்க. இதுல என்னா யோசனை?"

"யாருக்கோ என் இடம் தேவைப்படுது, சாந்தி."

"உங்க இடமா? வெயில்ல நின்னு குலைய குத்துற இடமா? அதுக்கு யாருங்க வரிசையில நிக்கிறா?"

"கழிக்காம விடுற ஆள் ஒருத்தன் அங்க நின்னா எத்தன பேருக்கு லாபம் தெரியுமா?"

"உங்களுக்கு ஒரு நல்லது நடந்தா கம்ப்ளெய்ண்டு குடுக்க போலீசுக்கு போவீங்க போல இருக்கு." பக்கத்தில் இருந்த பெண்மணி சிரித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கயலை நெனச்சு பாருங்க. வீட்டு லோன் அவ தலையிலதான் இருக்கு."

அது உண்மை. மம்பாவ் வீட்டை வாங்கப் போனபோது, வருடா வருடம் உயிர் புதுப்பிக்கப்படும் எனக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. சாந்திக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கடன் எங்கள் மகள் பெயரில் வந்தது. கயல்விழி அப்போதுதான் கோலாலம்பூரில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். அவள் சம்பளம் என்னுடையதைவிட அதிகம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கும், இரண்டாவது தடவை சொல்லும்வரை.

3

என் பட்டியலில் முதல் சந்தேக நபர் மாரிமுத்து. கோலா கிளாவாங் பக்கத்து மலைக்காட்டுச் சிறுதோட்டக்காரர்களிடம் குலைகளை வாங்கி, தன் லாரிகளில் எங்கள் ஆலைக்குக் கொண்டுவருகிறவர். அட்சதை தூவுவதில் அவருக்கு நிகர் அவரே. எத்தனையோ வருடமாக அவர் அடுக்குகிறார், நான் கலைக்கிறேன். எங்கள் உறவு அதன்மேல் நிற்கிறது.

அவரை விசாரிக்க, பலாபோல முள்தோல் கொண்ட துரியான் பழத்தின் பருவம் வசதியாக அமைந்தது. அந்தப் பருவத்தில் லாரிக்காரர்கள் காவல்கூண்டில் ஒரு கூடையை வைத்துவிட்டு, 'சாருக்கு' என்று சொல்லிப் போவார்கள். வாங்கினால் லஞ்சம். திருப்பினால் பகை. நான் வந்த புதிதில் ஒரு வழி கண்டுபிடித்தேன், அது இப்போது ஆலையின் வழக்கமாகிவிட்டது. எந்தத் துரியான் வந்தாலும் ரேம்பின் நடுவே வைத்து எல்லார் முன்னாலும் உடைக்க வேண்டும். டிரைவர், கூலி, காவலர், கொண்டுவந்தவனின் போட்டிக்காரன், எல்லாரும் ஆளுக்கொரு சுளை. தின்று முடித்த கையோடு கொண்டுவந்தவனின் லாரியைத்தான் முதலில் புரட்டுவேன். துரியானைப்போல லஞ்சத்துக்கு லாயக்கற்ற பழம் உலகத்தில் இல்லை. இரண்டு மைலுக்கு வீசும் நாற்றத்தால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

அன்று மாரிமுத்துவே கத்தியைப் போட்டுப் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார்.

"என்னா சார், கேஎல் போறீங்களாம்?"

"யாரு சொன்னது?"

"கார்டு சொன்னான். கார்டுக்கு தெரியாதது என்னா இருக்கு."

"நான் போனா உங்களுக்கு நல்லதுதானே, அண்ணே?"

சுளையை வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது. "நல்லதா? நீங்க என் லோரில கழிக்கிறப்ப வயிறு எரியுது சார். பொய் சொல்ல மாட்டேன். ஆனா பின்னாடி நிக்கிறானே, அவன் லோரிலயும் அதே மாதிரி கழிக்கிறீங்க பாருங்க. அதுலதான் எனக்கு தூக்கம் வருது."

"அப்ப என் பேர மேல சொன்னது நீங்க இல்ல?"

"நான்தான் சொன்னேன்."

கொக்கியைக் கீழே வைத்தேன்.

"கேஎல்லேர்ந்து பெரியவங்க வந்தாங்கல்ல, போன மாசம். இந்த ஆளு எப்படின்னு லோரிக்காரங்களை எல்லாம் கேட்டாங்க. நான் சொன்னேன், ரொம்ப மோசமான ஆளு, ஒரு துரியான்கூட நிம்மதியா குடுக்க விடமாட்டாருன்னு. மத்தவனுங்களும் அதையேதான் சொன்னானுங்க. உங்களை தூக்கிடுவாங்கன்னு பாத்தா, ஒசரத்துல தூக்கி வைக்கிறானுங்க. என்னா கம்பெனி லா இது." லா என்பது இந்த ஊர்ப் பேச்சுக்கு வால், பொருள் தேட வேண்டாம்.

ஆக, 'எல்லாரும்' என்று செல்வநாதன் சொன்னது உண்மை. எல்லாரும் சேர்ந்து புகார் சொல்லி என்னை உயர்த்தியிருக்கிறார்கள். கொக்கியை எவ்வளவு ஆழம் விட்டுப் பார்த்தும் அடியில் காய் இல்லை. அந்தப் பதவி அசல் பழம்.

இதுதான் என்னைக் கலங்கடித்தது. சதி இருந்திருந்தால் கௌரவமாக வேண்டாமென்று சொல்லியிருப்பேன். இப்போது மறுப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் மிச்சம்: எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

இதை எப்படி வெளியே சொல்வது? ஒத்திகைக்காக ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். நம் பக்கத்தில் ஒரு வேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படி கேட்டார். பெர்மனென்டா? பென்ஷன் உண்டா? சம்பளம் எவ்வளவு, அதை நம்ம ரூபாயில சொல்லு.

சொன்னேன். உதட்டுக்குள் எண்களை முணுமுணுத்தார். பெருக்கிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"இதுல என்னடா யோசிக்கிற?"

"இப்ப பாக்குற வேலை பிடிச்சிருக்குண்ணே."

"வேலையில பிடிக்கிறதுன்னா எனக்குத் தெரிஞ்சு பி.எஃப். மட்டும்தான்டா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் முப்பத்தைந்து வருடம் மின்கம்பத்து ஊழியம் செய்தவர். அது பிடித்திருந்ததா என்று வீட்டில் யாருமே அவரைக் கேட்டதில்லை. நானும்தான். எங்கள் தெருவில் அந்தக் கேள்வி பெண் பார்க்கும்போது மட்டும் எழும், அதுவும் பதில் முடிவான பிறகு.

சம்பளம், மனநிறைவு, முன்னேற்றம் மூன்றும் ஒரே வேலையில் கிடைத்ததாக மேடை போட்டுச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ரேம்பில் உருட்டிவிட்டுக் கொக்கி போட்டுப் பார்த்தால் தெரியும். மூன்றில் ஒன்று மேலே தூவியதாக இருக்கும். ஆனால் என் திருப்தியையும் அதே கொக்கியால் குத்திப் பார்க்க வேண்டும் அல்லவா? குத்தினேன். வெயிலில் நின்று பெரிய மனிதர்களின் லாரியை நிறுத்துவதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. மேசை வேலையில் தோற்றுவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. இந்த இரண்டையும் கழித்துவிட்டால் மனநிறைவு என்று எவ்வளவு தேறும்? எடை போட எனக்குத் தைரியம் வரவில்லை.

4

இதற்கிடையில் இன்னொரு சந்தேகம் முளைத்தது. கயலின் உற்சாகம்.

அவள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மம்பாவுக்கு வருவாள், ஞாயிறு மாலை கோலாலம்பூருக்குத் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கும். ஆரம்பத்தில் என் மனைவி நண்டைக் குற்றம் சொன்னாள். நண்டை நிறுத்தினோம். பிறகு பால், பிறகு சம்பால் என்கிற மிளகாய் விழுது. எல்லாவற்றையும் நிறுத்தியும் வலி நேரம் தவறாமல் வந்தது. சாந்தி ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டே காடியில் ஏறிப் போவாள். காடி என்றால் மாட்டுவண்டி இல்லை, இந்த ஊர்த் தமிழில் கார். திங்கட்கிழமை கேட்டால் சரியாகிவிட்டது என்பாள்.

நானும் அவளும் பேசுவது குறைந்து வருடங்கள் ஆகிவிட்டன. சண்டை ஒன்றுமில்லை. அவள் மலாயிலும் ஆங்கிலத்திலும் யோசித்து, தமிழுக்கு வந்துசேர்வதற்குள் நான் வேறு விஷயத்துக்குப் போயிருப்பேன். என் ஊர்ப் பேச்சைக் கேட்டால் சினிமா பார்ப்பதுபோல இருக்கிறது என்பாள். அப்படிப்பட்டவள், பதவிச் செய்தி தெரிந்ததும் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

"பதில் சொல்லிட்டீங்களா பா?"

"இன்னும் இல்லம்மா."

"ஏன் பா, உங்களுக்கு செட் ஆகும் லா. யூ டிசர்வ் இட்."

மகள் தகப்பனைத் தினமும் புகழ்ந்தால் அது மேலே தூவிய பழம். அடியில் ஏதோ இருக்கிறது.

சாட்சியங்கள் சேர்ந்தன. சனிக்கிழமைகளில் விடிந்ததும் ஓடப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, மத்தியானம் வருகிறாள். ஓடியவள் வியர்க்காமல் வருகிறாள். தலை ஈரமாக இருக்கிறது. காடியின் பின்சீட்டில் நனைந்த துண்டு. ஒரு பையன் இருக்கிறான் என்று முடிவுகட்டினேன். அவன் சமுத்திரக் கரையில் இருக்கிறான். மீனவனா, மாலுமியா என்பதுதான் தெரிய வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, காலை ஷிப்ட் என்று சாந்தியிடம் சொல்லிவிட்டு, கயலின் காடிக்குப் பின்னாலேயே என் பழைய காடியில் போனேன். போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் சி ரூசா என்ற இடம் வந்ததும் அவள் ஒரு ஹோட்டலுக்குள் திரும்பினாள். ஓரமாக நிறுத்திவிட்டு, வேலியோர மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

நீச்சல்குளம். சின்னப் பிள்ளைகள் விளிம்புக் கம்பியைப் பிடித்தபடி வரிசையாகத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள் நின்று, ஒவ்வொருவரையும் வயிற்றில் கை கொடுத்துத் தாங்கி மிதக்கவிட்டாள். ஒரு குண்டுப் பையன் கம்பியை விடமாட்டேன் என்று அழுதான். அவள் தானும் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, பொய்யாக அழுதாள். அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று நான் இத்தனை வருடம் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு, நேராக மரத்தை நோக்கி வந்தாள்.

"அப்பா. ஒளியறதுன்னா மில் சட்டைய கழட்டிட்டு ஒளியணும்."

குனிந்து பார்த்தேன். ஷிப்ட் என்று சொன்ன பொய்க்குப் பொருத்தமாக, இருட்டிலும் மின்னும் ஆரஞ்சுச் சட்டையில் இருந்தேன்.

சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டோம். "பாய்பிரெண்டுன்னு நெனச்சீங்களா?" என்றாள். "மாலுமின்னு நெனச்சேன்" என்றேன். சாப்பாடு புரையேறும்வரை சிரித்துவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள்.

குளத்து வகுப்புகளை நடத்தும் அம்மாள் பெரிதாகச் செய்யப்போகிறாராம். பள்ளிப் பிள்ளைகளுக்கு, வயதானவர்களுக்கு, நடக்க முடியாதவர்களுக்கு. முழுநேரமாக வரக் கேட்டிருக்கிறார். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட வராது. நான் ராமநாதபுரத்துப் பக்கம் பிறந்தவன். குடத்தளவுக்கு மேல் தண்ணீரைக் கண்டால் எங்களுக்குச் சந்தேகம் வரும். என் மகளுக்குத் தண்ணீரில் உத்தியோகம்.

"ஆடிட்டு வேலை?"

"அது எல்லாம் ஓகேதான் பா. ஞாயித்துக்கெழம வரைக்கும்." தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கேஎல் போனா லோன நீங்க பாத்துக்குவீங்க, நான் இங்க வந்துரலாம்னு கணக்கு போட்டேன். அதான் தெனம் போன் பண்ணேன். சோரி பா. அசிங்கமா இருக்குல்ல."

"கணக்குப் பிள்ளை கணக்குப் போடாம என்ன செய்யும்?"

"நீங்க இஷ்டப்பட்டா மட்டும் போங்க. எனக்காக போகக்கூடாது." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "உங்களுக்கு இப்ப இருக்கிற வேலை பிடிச்சிருக்கா பா?"

என் ஆயுளில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிறவள் இவளாக இருப்பாள் என்றும், பதில் சொல்ல முடியாத நேரத்தில் கேட்பாள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

"வெயில், ஈ, நாத்தம்" என்றேன். "பைத்தியக்காரனுக்குத்தான் பிடிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். கொக்கி மட்டும்தான் அவள் கையில் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிடித்த வேலை அமைவதில்லை. ஒருவர் பிடித்ததைச் செய்ய, இன்னொருவர் மாதம் முதல் தேதிக்காகச் செய்கிறார். எங்கள் வீட்டில் பிடித்ததைச் செய்கிறவனாக இவ்வளவு காலம் இருந்தது நான். அதற்கான தவணை ஞாயிறுதோறும் யார் வயிற்றில் கட்டப்பட்டது என்பது ஓமத்துக்குத் தெரிந்திருந்தது.

5

செல்வநாதனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தமிழிலேயே வாழ்த்தினார்.

கயலை நம்பவைப்பதுதான் கஷ்டம். எனக்காகப் போகிறீர்களா என்று அவள் கேட்டபடியே இருந்தாள். ஆகவே நான் பேராசைக்காரனாக நடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு டை வாங்கினேன். அதைக் கட்டத் தெரியாமல் போனில் பார்த்துப் பழகினேன். சாப்பாட்டு மேசையில் 'தொலைநோக்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தினேன்.

"என்னப்பா திடீர்னு?"

"எத்தனை நாளைக்கு ரேம்புல நிக்கிறது? மனுஷன் மேல போக வேணாமா?"

"மேல ரொம்ப செவப்பா இருக்கு பா" என்றாள். "உதிரியையே காணோம்."

சாந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆடிட்டு படிச்சது தண்ணில குதிக்க, குலை குத்துனது டை கட்ட. நல்ல குடும்பம் லா" என்று சொல்லி ரசத்தை நகர்த்தி வைத்தாள். அவள் எதிர்ப்பு அதோடு முடிந்தது. அந்த ஞாயிறு ஓம டப்பாவைப் பரணில் ஏற்றியதும் அவள்தான்.

என் கடைசி நாளில் மாரிமுத்து துரியானோடு வந்தார். ரேம்பில் வைத்து உடைத்தோம். தின்று கை கழுவிவிட்டு அவர் லாரியைப் புரட்டினேன். மேலே நாலு நல்ல குலை, அட்சதை, அடியில் வழக்கமான கறுப்பு.

"கடைசி நாளுமா சார் கழிப்பீங்க?"

"கடைசி நாளும் நீங்க அடியில வச்சுதானே கொண்டாந்தீங்க, அண்ணே?"

"இல்லாட்டி உங்களுக்கு கஷ்டமா இருக்கும்ல" என்றார்.

எப்போதும்போலக் கழித்தேன். அவர் எப்போதும்போலத் திட்டினார். கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியே வந்தபோது, கண்ணில் ஏதோ விழுந்தது என்று காவலரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

6

இதை எழுதுவது கோலாலம்பூரில், கயல் காலி செய்த வாடகை அறையில். அவள் மம்பாவுக்குப் போய்விட்டாள். திங்கள் முதல் வெள்ளிவரை அவள் கட்டிலில் நான்.

புகார் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகம் குளிர்ச்சி. அங்கே எதுவும் நாறாது, அதனால் எதை நம்புவது என்று தெரியவில்லை. முதல் வாரத்திலேயே ஒரு நிறுவனத்திலிருந்து ஜிகினாக் காகிதம் சுற்றிய அன்பளிப்புக் கூடை வந்தது. வழக்கப்படி அதைத் தேநீர் அறையின் நடுவே வைத்து, எல்லாரையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் பிரித்து, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலைக்குள், புதிதாக வந்தவன் ஆள் சேர்க்கிறான் என்று பேச்சு பரவிவிட்டது. எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இங்கேயும் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. யாரும் இல்லாதபோது அதைப் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்காகச் செய்தேன் என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பலகையும் ஞாபகத்துக்கு வருகிறது. தியாகம் என்று நான் ஏற்றியிருக்கும் லாரியின் அடியிலும் கொஞ்சம் காய் இருக்கிறது. கழித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மத்தியானம் மம்பாவில் சாப்பிட்டு எழுந்தேன். பையில் சட்டைகளை அடுக்கினேன், டையைச் சுருட்டி வைத்தேன். அப்போது வயிற்றில் ஏதோ பிடித்தது. நண்டு, என்று நினைத்தேன். அன்று நண்டு சமைக்கவில்லை.

அடுப்படியில் ஓமம் வறுபடும் வாசனை வந்தது. சாந்தி கோவிலுக்குப் போயிருந்தாள். கயல் ஒரு குவளையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். தலையிலிருந்து குளத்து வாசனை வந்தது.

"வயிறு எப்படி பா?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். இது எதுக்கு?"

"சும்மா போட்டேன்."

குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். காலிக் குவளையை வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறாள் போல என்று முதலில் நினைத்தேன். எங்கள் தொழிலில் மிச்சத்தைப் பார்ப்பதில்லை, எது போயிருக்கிறது என்றுதான் பார்ப்போம்.

"நீங்க பொய் சொல்றதுக்கு லாயக்கே இல்ல பா" என்றாள். "துரியான் மாதிரி."

பையை அவளே தூக்கிக்கொண்டுபோய் என் காடியில் வைத்தாள்.